‘பல்லுதானே’ன்னு தள்ளிப் போடாதீங்க!

மல்லாட்டை பிடுங்குகிற சமயத்தில் முகையூர்ப் பக்கம் எந்த வீட்டுக்குப் போனாலும், ஒரு தட்டு நிறைய அவித்த மல்லாட்டையை முன்னால் வைத்துவிடுவார்கள். விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்தில் உபசாரம் என்றால் அதுதான். (இங்கே போய் ‘வேர்க்கடலை’ என்று கேட்டால் வெளியூர் ஆள் என்று கண்டுபிடித்துவிடுவார்கள்!) அடுத்த முறை போகும்போது ஒன்றைக் கவனியுங்கள். குழந்தைகள் சாப்பிடும். மருமகள் சாப்பிடுவாள். அவித்துக் கொண்டுவந்து வைத்த அம்மா மட்டும் தொடமாட்டார். “எனக்கு வேணாம்ப்பா, நீங்க சாப்பிடுங்க” என்பார். ஆசை இல்லாமல் இல்லை. கடைவாயில் பல் இல்லை!

பல்லு போனா சொல்லு போச்சு என்பார்கள். சொல் மட்டுமா போகிறது? கொய்யா போகும், முறுக்கு போகும், கீரைத்தண்டு போகும். மிஞ்சுவது குழைந்த ரசம் சாதமும் டீயில் தோய்த்த பிஸ்கெட்டும்தான். சர்க்கரை நோய் உள்ளவருக்கு இதைவிட மோசமான மெனு வேண்டுமா, சொல்லுங்கள்.

இந்த நிலைமைக்கு யாரும் ஒரே நாளில் வருவதில்லை. முதலில் கிராம்பு. பிறகு மெடிக்கல் ஷாப் வலி மாத்திரை. அப்புறம் ஒரு பல்லைப் பிடுங்குவது. இன்னொன்றுக்கு ரூட் கெனால் செய்துவிட்டு, வலி நின்றதும் ‘கேப்’ போடாமல் விட்டுவிடுவது. அந்தப் பல் ஒருநாள் இரண்டாகப் பிளந்துகொள்ளும். பத்துப் பதினைந்து வருஷம் இப்படியே ஓடி, கடைசியில் பல்செட். அதிலும் கீழ் செட் முக்கால்வாசி நேரம் டம்ளர் தண்ணீரில்தான் கிடக்கும்.

அந்தச் சமயத்தில்தான் மகளோ மகனோ ‘இம்ப்ளாண்ட்’ என்ற வார்த்தையை வீட்டுக்குள் கொண்டுவருகிறார்கள். உடனே ஒரு பஞ்சாயத்து! “இந்த வயசுல எதுக்கு?” “அந்தக் காசுக்கு பிரிட்ஜ் மாத்திடலாமே?” யாருடைய வாயோ அவரைத் தவிர எல்லோரும் பேசுவார்கள். அவரோ, “எனக்கெதுக்கு அவ்ளோ செலவு, வேணாம் விடு” என்று முடித்துவிடுவார். இப்படி முடிப்பதைத்தான் நான் ஆட்சேபிக்கிறேன். இம்ப்ளாண்ட் எல்லோருக்கும் வேண்டும் என்று சொல்லவில்லை. வேண்டுமா, வேண்டாமா என்பதை ஒரு பல்லை எடுக்கிற அன்றே யோசிக்க வேண்டும் என்கிறேன்.

ஏன் அவசரம்? பல் இருக்கும்வரைதான் தாடை எலும்புக்கு வேலை. பல் போனதும் அந்த இடத்து எலும்பு கரைய ஆரம்பிக்கிறது. முதல் வருஷத்தில்தான் அதிகம். மேட்டின் அகலம் பாதிவரைகூடக் குறையலாம். பத்து வருஷம் கழித்துப் போனால் ஸ்க்ரூவைப் பதிக்க இடம் இருக்காது. எலும்புத் தூள் வைத்து மேடு கட்டு, மேல்தாடையில் சைனஸைத் தூக்கிவிடு என்று செலவும் மாசமும் கூடிக்கொண்டே போகும். ‘காசு மிச்சம்’ என்று காத்திருந்தவருக்குத்தான் பில் பெரிசாக வருகிறது.

இம்ப்ளாண்ட் என்பது டைட்டானியத்தில் செய்த சின்ன ஸ்க்ரூ. இந்த உலோகத்தோடு எலும்பு ஒட்டி வளரும் என்பது தற்செயலாகத் தெரிந்த விஷயம். 1950-களில் ஸ்வீடனில் பிரோனமார்க் என்ற விஞ்ஞானி, முயலின் கால் எலும்பில் டைட்டானியக் கருவி ஒன்றைப் பொருத்தி ரத்த ஓட்டத்தை ஆராய்ந்தார். ஆராய்ச்சி முடிந்து கழற்றப் பார்த்தால் வரவில்லை! 1965-இல் அவர் கோஸ்டா லார்சன் என்பவருக்குக் கீழ்த்தாடையில் ஸ்க்ரூ பதித்துப் பல் கட்டினார். லார்சன் 2006-இல் காலமாகும்வரை, நாற்பது வருஷத்துக்கு மேல், அந்த ஸ்க்ரூக்கள் உழைத்தன. ஆகவே இது நேற்று வந்த ஃபேஷன் அல்ல.

செலவுதான் பெரிய தடை. ஒரு பல்லுக்கு இருபதாயிரம், ஐம்பதாயிரம் என்று சொல்லக் கேட்டதும் மனசு பதினாலு பல்லைப் பெருக்கிப் பார்த்து மிரண்டுவிடுகிறது. இங்கேதான் பலருக்குத் தெரியாத செய்தி. எல்லாப் பல்லும் போனவருக்குக் கீழ்த்தாடையில் இரண்டே இரண்டு இம்ப்ளாண்ட் போதும்! அதன்மேல் பட்டன் மாதிரி ‘டக்’கென்று மாட்டும் பல்செட். மேல் செட்டை அண்ணம் பிடித்துக்கொள்ளும்; கீழ் செட்டுக்கு அந்தப் பிடி இல்லை, நாக்கு வேறு தள்ளிக்கொண்டே இருக்கும். அதனால்தான் ஆடுகிறது. கீழ்த்தாடையில் பல்லே இல்லாதவருக்கு முதலில் சொல்ல வேண்டிய சிகிச்சை இதுதான் என்று 2002-இல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் கூடிய நிபுணர்கள் கருத்துச் சொன்னார்கள். நம் ஊரில் பல டாக்டர்கள் இதைத் தாங்களாகச் சொல்வதில்லை. நீங்கள் வாய்விட்டுக் கேளுங்கள்.

இன்னொரு பக்கமும் உண்டு. காப்பாற்றக்கூடிய பல்லைப் பிடுங்கிவிட்டு இம்ப்ளாண்ட் வைக்கலாம் என்று யாராவது சொன்னால், தயங்காமல் வேறொரு டாக்டரிடம் காட்டுங்கள். சொந்தப் பல்லுக்கு ஈடு இல்லை. இம்ப்ளாண்ட்டில் சொத்தை வராது, வாஸ்தவம். ஆனால் சுற்றியுள்ள ஈறு கெட்டால் எலும்பு கரைந்து அதுவும் ஆடும். வலி பெரிதாகத் தெரியாததால் முற்றிய பிறகுதான் தெரியவரும். ஈறில் ரத்தமும் சீழும் இருக்கும்போதே ஸ்க்ரூ பதிப்பது, ஓட்டைப் பானையில் பொங்கல் வைக்கிற கதைதான்.

சர்க்கரை நோய் இருந்தால் ஹெச்பிஏ1சி டெஸ்ட் எடுத்துக்கொண்டு போங்கள். எட்டைத் தாண்டியிருந்தால் ‘முதலில் சுகரைக் குறையுங்கள்’ என்பார் நல்ல டாக்டர். அப்படிச் சொல்பவரிடமே திரும்பிப் போங்கள். புகை, புகையிலை, பாக்கு போடுகிறவர்கள் நிறுத்தத் தயாராக இருந்தால் மட்டும் யோசியுங்கள். எலும்புத் தேய்மானத்துக்கு ஊசி அல்லது மாத்திரை, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை, கழுத்துப் பகுதியில் கதிரியக்கம்... இதில் எது இருந்தாலும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். எலும்புத் தேய்மான மருந்தைப் பெண்கள் பலர் பல் டாக்டரிடம் சொல்வதே இல்லை. ‘முட்டிக்குப் போட்ட ஊசிக்கும் பல்லுக்கும் என்ன சம்பந்தம்?’ சம்பந்தம் இருக்கிறது. தாடை எலும்பு ஆறாமல் போகக்கூடும்.

சுத்தம் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. 2023-இல் வாணியம்பாடியில் ஒரு பல் கிளினிக்கில் சிகிச்சை பெற்றவர்களில் எட்டுப் பேர், மூளையைத் தாக்கும் தொற்றால் இறந்தார்கள். 2025-இல் வெளிவந்த ஆய்வு, சலைன் பாட்டிலை ஸ்டெரிலைஸ் செய்யாத கருவியால் திறந்து, மிச்சத்தைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தியதைச் சுட்டிக்காட்டியது. பயமுறுத்தவில்லை, லட்சக்கணக்கானவர்கள் தினமும் பல் சிகிச்சை பெற்று நலமாகத்தான் வீடு திரும்புகிறார்கள். ஆனாலும் “எனக்குப் புது பாட்டில்தானே டாக்டர்? கருவியெல்லாம் ஆட்டோகிளேவ் பண்ணதுதானே?” என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. கோபப்படுகிற டாக்டர் உங்களுக்கு வேண்டாம்.

பணம் கட்டுப்படியாகவில்லையா? பல் மருத்துவக் கல்லூரிகளில் பேராசிரியர்களின் மேற்பார்வையில் சிகிச்சை நடக்கும். கட்டணம் பெரும்பாலும் குறைவு, நடை மட்டும் கொஞ்சம் அதிகம். முகையூர், விழுப்புரத்துக்காரர்களுக்குப் புதுச்சேரியில் அரசின் மகாத்மா காந்தி பல் மருத்துவக் கல்லூரியும், சிதம்பரத்தில் இப்போது அரசின் கையில் உள்ள பழைய ராஜா முத்தையா பல் மருத்துவக் கல்லூரியும் இருக்கின்றன. திண்டிவனத்துக்காரர்களுக்கு மேல்மருவத்தூர் பக்கம். இம்ப்ளாண்ட் பிரிவு என்றைக்கு, கட்டணம் எவ்வளவு என்று முன்கூட்டியே விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள். ஸ்க்ரூ பதித்த பிறகு எலும்பு ஒட்ட மூன்றிலிருந்து ஆறு மாசம் பிடிக்கும். மகள் கல்யாணத் தேதியை வைத்துக்கொண்டு டாக்டரை நெருக்காதீர்கள்!

கடைசியாக ஒன்று. ஸ்க்ரூ வந்த பெட்டியில் கம்பெனிப் பெயர், அளவு, லாட் நம்பர் போட்ட ஸ்டிக்கர் இருக்கும். அதைக் கேட்டு வாங்கி ரேஷன் கார்டு, ஆதார் இருக்கும் ஃபைலில் ஒட்டி வையுங்கள். பத்து வருஷம் கழித்து மேல்பல் கழன்றுகொண்டால், எந்த ஊர் டாக்டரானாலும் முதலில் கேட்பது அதைத்தான். ஒரு கம்பெனி ஸ்க்ரூவுக்கு இன்னொரு கம்பெனியின் பாகம் பெரும்பாலும் பொருந்தாது.