கந்தோர் இல்லாத கம்பனி

சென்ற விடுமுறையில் நம் பழைய மாணவர் ஒருவரின் இல்லத்துக்குச் சென்றிருந்தோம். அவர் மென்பொருட் பொறியியலாளர்; கடல் கடந்த கம்பனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தவாறே பணிபுரிபவர். தேநீர் கொண்டுவந்த தாயார், மகன் அறைக்குள் இருப்பதைப் பார்த்துக்கொண்டு நம்மிடம் மெல்லக் கேட்டார்: "சேர், இவன் கந்தோருக்கும் போறதில்லை, மேலதிகாரி எண்டு ஒருத்தரை நேரிலை கண்டதுமில்லை. கலியாணம் பேச வாறவைக்கு நான் என்னத்தைச் சொல்லுறது? இது உத்தியோகந்தானோ?"

அவ்வம்மையாரின் ஐயம் நியாயமானதே. அதற்கு விடை கூறுமுகமாகவே இவ்வாரம் எழுதுகின்றோம்.

கந்தோர் என்னும் சொல் ஒல்லாந்தர் நமக்கு விட்டுச் சென்றவற்றுள் ஒன்று. கந்தோர் இன்றியே ஒரு பெருங் கம்பனியை நடத்திக் காட்டியவர்களுள் ஒருவரும் ஓர் ஒல்லாந்தர் என்பது சுவையான செய்தியன்றோ! அக்கம்பனியின் பெயர் கிற்லாப். பலர் கூடி மென்பொருள் எழுதுவதற்கு உதவும் கருவியை ஆக்குவதே அதன் தொழில். 2011 ஆம் ஆண்டில் உக்கிரேன் நாட்டு இளைஞர் டிமித்ரி சப்பரோஷெற்ஸ் அக்கருவியை எழுதத் தொடங்கினார். அக்காலத்தில் அவர் வீட்டிற் குழாய்நீர் இல்லை. நாள்தோறும் பொதுக் கிணற்றிலிருந்து நீர் சுமக்க வேண்டும். அச்சுமையினும், கூடி வேலை செய்வதற்கு நல்ல கருவி இல்லாமையே அவருக்குப் பெருந்தொல்லையாகத் தோன்றியதாம். ஒல்லாந்தரான சிட் சைப்ராண்டி 2012 இல் அதனைக் கண்டு, பின்னர் அவருடன் இணைந்தார். கலிபோர்னியாவில் ஓர் அலுவலகம் திறந்து பார்த்ததும் உண்டு. சில நாட்கள் வந்தவர்கள் பின்னர் வாராதொழிந்தனர். வேலையோ தடையின்றி நடந்தது. 2021 இல் அக்கம்பனி பங்குச் சந்தையில் நுழைவதற்காக அமெரிக்க அரசிடம் சமர்ப்பித்த பத்திரத்தில், தலைமை அலுவலகத்தின் முகவரி கேட்கப்பட்ட இடத்தில், 'முகவரி பொருந்தாது' என்றே எழுதப்பட்டிருந்தது. அப்போது அதன் ஊழியர் 60 இற்கும் மேற்பட்ட நாடுகளிற் பரந்திருந்தனர்.

இத்தகைய இடத்தில் ஒரு பொறியியலாளரின் நாள் எவ்வாறு கழிகின்றது? பேச்சிலன்று, வாசிப்பிலே தொடங்குகின்றது. அவர் உறங்கிய வேளையிற் பிற கண்டத்தார் எழுதிவைத்தவை அவருக்காகக் காத்திருக்கும். இன்ன பிழை உளது, இன்ன வசதி வேண்டும் என ஒவ்வொரு வேலைக்கும் ஒரு குறிப்பேடு உண்டு. தாம் எழுதிய மாற்றத்தை அவர் நேரே பொது நிரலிற் சேர்த்துவிடல் இயலாது. என்ன மாற்றினோம், ஏன் மாற்றினோம் என எழுதி, சேர்க்குமாறு விண்ணப்பிக்க வேண்டும். கணனி தானாகவே பல சோதனைகளை நடத்தும். அதன்பின் எங்கோ ஒரு நாட்டிலிருக்கும் சகபாடி வரிவரியாக வாசித்து, 'இவ்விடத்தில் ஏன் இவ்வாறு?' என வினவுவார். விடை எழுதிவிட்டு உறங்கச் சென்றால், மறுநாள் அடுத்த வினா வந்திருக்கும். கட்டுரைப் பயிற்சிக்குச் சிவப்பு மை படும்போது முகஞ்சுளிக்கும் நம் மாணவர்கள், பட்டம் பெற்ற பொறியியலாளருக்கும் நாள்தோறும் அதுவே நிகழ்வதை அறிவாராக!

அருகருகே இருப்போர் ஓர் ஐயத்தை எட்டிக் கேட்டுத் தீர்த்துக்கொள்வர். இவர்களோ எழுத்தில் எழுதாததைச் சொல்லாததாகவே கொள்ள வேண்டியவர்கள். ஆதலின் கிற்லாப் தன் நடைமுறைகளை எல்லாம் ஒரு கைந்நூலாக எழுதி உலகோர் காண வெளியிட்டுள்ளது. அச்சிட்டால் 2000 பக்கங்களை விஞ்சும். உடனுக்குடன் பரிமாறும் அரட்டைச் செய்திகளை 90 நாட்களில் அழியுமாறு செய்ததும் இக்கருத்துப் பற்றியே. முடிவு எதுவாயினும் அதற்குரிய குறிப்பேட்டில் எழுதப்படல் வேண்டும் என்பது நோக்கம். தனிமைத் துன்பம் இல்லாமலில்லை. வேலைப் பேச்சின்றிக் கோப்பி அருந்தி அளவளாவுவதற்கென்றே நேரம் குறித்துக்கொள்கின்றனர். அதைக் கேட்டபோது நமக்குச் சிரிப்பும் இரக்கமும் ஒருங்கே தோன்றின.

இம்முறையின் உரைகல்லாக அமைந்தது 2017 ஜனவரி 31 ஆம் நாள் இரவு. நம் நாட்டில் அது பெப்ரவரி முதலாந் திகதி விடியற்காலை ஏறத்தாழ 4.30 மணி. மூலத் தரவுத்தளத்தின் பிரதியைக் கொண்ட இரண்டாவது கணனி பின்தங்கிவிட்டது. நெடுநேரம் அதனைச் சீர்செய்ய முயன்று களைத்த பொறியியலாளர் ஒருவர், அப்பிரதியை அழித்துப் புதிதாக எடுக்க எண்ணி, அழிக்கும் கட்டளையை இட்டார். இட்டதோ மூலக் கணனியில்! ஓரிரு விநாடிகளில் உணர்ந்து நிறுத்தினார். அதற்குள் ஏறத்தாழ 300 கிகாபைற் அளவில் எஞ்சியது 4.5 மாத்திரமே.

காப்புப் பிரதிகளைத் தேடினர். ஐந்து வகை ஏற்பாடுகள் இருந்தன என்று பெயர். நம்பத்தக்கதாக ஒன்றும் இயங்கவில்லை. தரவுத்தளம் 9.6 ஆம் பதிப்பு, பிரதியெடுக்கும் கருவியோ 9.2 ஆம் பதிப்பு. ஆகவே அது தொடர்ந்து தவறிக்கொண்டே இருந்தது. தவறுகின்றது என அறிவிக்கும் மின்னஞ்சல்களும், உரிய ஒப்பம் இல்லாமையால், ஏற்கப்படாது தள்ளப்பட்டிருந்தன. கடிதம் போட்டோம் என்றிருப்பவருக்கும், கிடைக்கவில்லையே என்றிருப்பவருக்கும் இடையில் நிகழும் கதைதான். நல்வினைப் பயனாக, அதே பொறியியலாளர் சுமார் 6 மணி நேரத்துக்கு முன் வேறொரு தேவைக்காகத் தம் கையால் எடுத்து வைத்த பிரதி ஒன்று இருந்தது. அதனைக் கொண்டே மீட்டனர். மெதுவான வட்டிலிருந்து படியெடுக்கச் சுமார் 18 மணி நேரம் பிடித்தது. அந்த 6 மணி நேரத்துள் மக்கள் எழுதியவை மீளவில்லை: ஏறத்தாழ 5000 கருத்துரைகள், 700 புதிய கணக்குகள் இழக்கப்பட்டன.

நம்மை வியப்பித்தது இழப்பன்று. மீட்புப் பணி நடந்துகொண்டிருக்கும்போதே தம் குறிப்புகளை அவர்கள் பொதுவில் வைத்தனர், தாம் பணிபுரிவதை யூரியூபில் நேரலையாகக் காட்டினர், ஆயிரக்கணக்கானோர் பார்த்திருந்தனர். பின்னர் வெளியிட்ட நீண்ட அறிக்கையில், கட்டளையிட்டவர் 'முதலாம் உறுப்பினர்' என்றே குறிக்கப்பட்டார். ஏன் அழிந்தது? ஏன் பிரதி இல்லை? ஏன் எவரும் சோதிக்கவில்லை? எனக் கேள்விகள் ஒன்றன்பின் ஒன்றாக எழுப்பப்பட்டிருந்தன. பிரதிகளைச் சோதிக்கும் பொறுப்பு எவரிடமும் ஒப்படைக்கப்பட்டிருக்கவில்லை என்பது வெளிப்பட்டது. பரீட்சையில் மை சிந்திய பிள்ளையை வகுப்பின் முன் நிறுத்திப் பழகிய நம் போன்றோர் அவ்வறிக்கையை இருமுறை வாசித்தோம்.

சென்ற வெள்ளிக்கிழமை சந்தையில் அத்தாயாரைக் கண்டோம். கறிக்கூடையைக் கீழே வைத்துவிட்டு, இக்கதையை முழுவதும் கேட்டார். கிகாபைற்றைப் பற்றி அவர் வினவவில்லை.

"அந்தப் பிள்ளையை வேலையாலை நிப்பாட்டினவையோ, சேர்?"

"அறிக்கையில் அவருடைய பெயரைக்கூட எழுதவில்லை, அம்மா."

"எங்கடை தம்பியின்ரை கம்பனியும் அப்பிடியோ?"

அதனை மாணவரிடமே கேட்கவேண்டும் என்று கூறி வந்தோம். இந்த வாரம் அவருக்கு இரவுமுறை. பகலில் உறங்குகின்றார் எனத் தெரிகின்றது.