நுரையீரலோடு பயத்துக்கும் சிகிச்சை வேண்டும்

நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் என்று உறுதியாகும் நாளில், நோயாளியின் கைக்கு வந்து சேர்பவை பெரும்பாலும் ஒரு மருந்துச் சீட்டும் ஓர் இன்ஹேலரும்தான். கூடவே, 'இது முழுதாகக் குணமாகாது, கட்டுக்குள் வைத்துக்கொள்ளலாம்' என்ற விளக்கம். அதில் முதல் பாதிதான் மனதில் தங்குகிறது. படி ஏறும்போது மூச்சு வாங்கியதை வயதின் மேலும், காலையில் வரும் சளியைப் பனியின் மேலும் போட்டுக்கொண்டிருந்தவருக்கு, இனி ஒவ்வொரு மூச்சும் சந்தேகத்துக்கு உரியதாகிவிடுகிறது. தூக்கம் கெடுகிறது. கோயில், கல்யாணம், சந்தை என்று வெளியே போவது ஒவ்வொன்றாக நிற்கிறது. இதையெல்லாம் 'மனசு சம்பந்தப்பட்டது, போகப் போகச் சரியாகிவிடும்' என்று ஒதுக்குவது மருத்துவரீதியாகவே பிழை. இந்த நோயில் பயம் மூச்சுத்திணறலைக் கூட்டுகிறது; கூடிய மூச்சுத்திணறல் பயத்தை வளர்க்கிறது. எனவே நுரையீரலுக்கு மருந்து தொடங்கும்போதே பயத்துக்கும் சிகிச்சை தொடங்கியாக வேண்டும். அந்தச் சிகிச்சை ஆறுதல் வார்த்தைகளோடு நின்றுவிடாமல், மூச்சைக் கையாளவும் உடலை இயக்கவும் கற்றுத்தருவதாக இருக்க வேண்டும்.

சிஓபிடி என்று சுருக்கமாகச் சொல்லப்படும் இந்நோய் யாரோ சிலரின் துயரம் அல்ல. 2021-ல் உலகெங்கும் ஏறத்தாழ 35 லட்சம் பேர் இதனால் இறந்தார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். மரணக் காரணங்களில் இதற்கு நான்காம் இடம். இந்தியாவில் 1990-ல் 2.81 கோடியாக இருந்த நோயாளிகளின் எண்ணிக்கை, 2016-ல் 5.53 கோடியாக உயர்ந்தது என்று 'லான்செட்' குழும இதழில் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. நோய் தீவிரமாகாமல் நிலையாக இருப்பவர்களிடம்கூட மனச்சோர்வு 10 முதல் 42 சதவீதம் வரையிலும், பதற்றக் கோளாறு 10 முதல் 19 சதவீதம் வரையிலும் காணப்படுவதாக ஆய்வுத் தொகுப்புகள் சொல்கின்றன. கீழெல்லையை மட்டும் எடுத்துக்கொண்டாலும் பத்தில் ஒருவர். ஆனால், நெஞ்சு நோய் புறநோயாளிப் பிரிவுக்கு வருபவரிடம் 'சளி எப்படி இருக்கிறது?' என்று கேட்பவர்கள், 'மனசு எப்படி இருக்கிறது?' என்று கேட்பது அபூர்வம்.

பயம் எப்படி நுரையீரலுக்குள் புகுகிறது என்பதை நோயாளிக்கு முதலில் விளக்க வேண்டும்; அந்த விளக்கமே பாதி மருந்து. சிஓபிடியில் காற்றை உள்ளே இழுப்பதைவிட வெளியே விடுவதுதான் கடினம். குறுகிவிட்ட மூச்சுக்குழாய்கள் வழியே காற்று மெதுவாகத்தான் வெளியேறும். பதற்றத்தில் வேகவேகமாக மூச்சு விடும்போது, உள்ளே போன காற்று முழுதாக வெளியேறும் முன்பே அடுத்த மூச்சு வந்துவிடுகிறது. நிரம்பிய குடத்தில் மேலும் நீர் ஊற்றுவது போலத்தான் இது. நெஞ்சு உப்பிப் போகிறது, மூச்சுத் தசைகள் களைக்கின்றன, 'செத்துவிடுவோம்' என்ற எண்ணம் எழுகிறது, மூச்சு இன்னும் வேகமெடுக்கிறது. கேம்பிரிட்ஜில் மூச்சுத்திணறலுக்கென்றே நடத்தப்படும் மருத்துவ சேவையினர், மூச்சு, எண்ணம், இயக்கம் என்ற மூன்று சுழல்களாக இதைப் பிரித்துக் காட்டியிருக்கிறார்கள். மூன்றாவது சுழல்தான் நீண்ட காலக் கேட்டைத் தருவது: மூச்சு வாங்கும் என்று பயந்து நடப்பதை நிறுத்தினால் கால் தசைகள் வலுவிழக்கின்றன, வலுவிழந்த தசைக்குச் சிறு வேலைக்கும் அதிக மூச்சு தேவைப்படுகிறது. உதட்டைக் குவித்து மெல்ல நீளமாக மூச்சை விடுவது, முன்பக்கம் சாய்ந்து கைகளை மேசையில் ஊன்றிக்கொள்வது, முகத்துக்கு நேரே சிறு கைவிசிறியின் காற்றைப் படவிடுவது ஆகியவை இச்சுழலை இடையில் அறுக்கும் எளிய வழிகள். மூச்சுக்குழாயை விரிக்கும் சால்பியூட்டமால் போன்ற மருந்துகளும் கைநடுக்கத்தையும் படபடப்பையும் தரலாம் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால், அதைப் பயத்தின் அறிகுறியாக எண்ணி மேலும் பயப்படுவது குறையும். மூச்சுத்திறனை அளக்கும் ஸ்பைரோமெட்ரி பரிசோதனை அறிக்கையில் உள்ள எண்ணைத் தன் ஆயுளின் எண்ணாகப் படிக்க வேண்டியதில்லை என்பதையும் அப்போதே சொல்ல வேண்டும். ஒரே அளவு வந்த இருவரில் ஒருவர் கடைக்கு நடந்து போய்வருவார், மற்றவர் வாசல் வரை வரத் தயங்குவார்.

பயத்துக்கு அடுத்தபடியாக வதைப்பது குற்றவுணர்வு. 'பீடியை விடச் சொல்லிக் கேட்டீங்களா?' என்ற கேள்வி, பரிவோடு கேட்கப்பட்டாலும் தண்டனையாகத்தான் விழுகிறது. பணக்கார நாடுகளில் சிஓபிடிக்கு 70 சதவீதத்துக்கு மேல் புகையிலை காரணம்; ஏழை, நடுத்தர வருமான நாடுகளில் அதன் பங்கு 30 முதல் 40 சதவீதம்தான், வீட்டுக்குள் சூழும் அடுப்புப் புகை பெரும் காரணம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். திருவள்ளூர் மாவட்டத்தில் 45 கிராமங்களில் புகைபிடிக்காத 900 பெண்களிடம் நடத்தப்பட்டு 2011-ல் வெளியான ஆய்வில், சுமார் 2.4 சதவீதத்தினருக்கு இந்நோய் இருந்தது. சிகரெட்டையே தொடாத அந்தப் பெண்களும், நோயின் பெயரைக் கேட்டவுடன் அக்கம்பக்கத்தார் என்ன நினைப்பார்களோ என்று கூச வேண்டியிருக்கிறது. இன்ஹேலரைச் சேலைத் தலைப்பில் மறைத்து எடுத்துச் செல்வதும், 'பழகிவிடும்' என்று அஞ்சி மாத்திரைக்கு மாறுவதும் இந்தக் கூச்சத்தின் விளைவுகள். இரண்டு முறை உறிஞ்சும்போது உடலுக்குள் போகும் சால்பியூட்டமால் 200 மைக்ரோகிராம். ஒரு மாத்திரையில் அதே மருந்து 4 மில்லிகிராம் வரை இருக்கிறது, அதாவது 20 மடங்கு. உறிஞ்சும் மருந்தை 'பெரிய மருந்து' என்று அஞ்சுபவருக்கு இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டலாம்.

குற்றவுணர்வு இருந்தால்தானே புகைப்பதை நிறுத்துவார்கள் என்பது ஒரு மறுப்பு. நிறுத்துவது மிக முக்கியம், அதில் ஐயமில்லை. அமெரிக்காவிலும் கனடாவிலும் நடந்த 'நுரையீரல் நல ஆய்வு' 11 ஆண்டு காலத் தொடர் கண்காணிப்பில், விட்டுவிட்ட ஆண்களுக்கு மூச்சுத்திறன் ஆண்டுக்கு 30 மில்லி அளவிலும், தொடர்ந்து புகைத்த ஆண்களுக்கு 66 மில்லி அளவிலும் குறைந்ததைக் காட்டியது. 'இனி விட்டு என்ன பயன்' என்று சோர்ந்திருப்பவருக்கு இதைவிட நல்ல செய்தி இல்லை. ஆனால் அவமானத்தைக் காட்டிலும் தெளிவான தகவல்தான் மனிதர்களை அசைக்கிறது. இங்கிலாந்தில் 561 புகைப்பிடிப்போரை இரு பிரிவாகப் பிரித்து, ஒரு பிரிவினருக்குப் பரிசோதனை அளவை வெறும் எண்ணாகவும், மற்றவர்களுக்கு 'உங்கள் நுரையீரலின் வயது இது' என்றும் சொன்னார்கள். ஓராண்டு கழித்து முதல் பிரிவில் 6.4 சதவீதமும் இரண்டாம் பிரிவில் 13.6 சதவீதமும் புகைப்பதை நிறுத்தியிருந்தார்கள். புரியும்படி சொன்னதுதான் இரு பிரிவுக்கும் இருந்த வேறுபாடு.

நம் வீடுகளில் வழக்கமாக எழும் இன்னொரு மறுப்புக்கும் இதில் பதில் இருக்கிறது: 'அப்பாவிடம் சொல்லாதீங்க டாக்டர், உடைஞ்சு போயிடுவார்.' அன்பில் பிறந்த இந்தக் கோரிக்கையை நான் எளிதாக ஒதுக்கவில்லை. ஆனால் மூச்சு வாங்குவது அவருக்குத்தான். ஏதோ மறைக்கப்படுகிறது என்பதும் அவருக்குத் தெரியும். காசநோயோ, புற்றுநோயோ என்று அவர் மனம் தானே இட்டு நிரப்பிக்கொள்ளும் விடை, உண்மையைவிடப் பெரும்பாலும் கொடியது. ஒரே நாளில் எல்லாவற்றையும் கொட்ட வேண்டியதில்லை. நோயின் பெயர், அது ஏன் வருகிறது, இன்று என்ன செய்யலாம் என்ற மூன்றும் முதல் நாளுக்குப் போதும். மீதியை அவர் கேட்கும் வேகத்தில் சொல்லலாம். அதேபோல, அவர் எழுந்து தண்ணீர் எடுக்கப் போனால் ஓடிப்போய்த் தடுப்பதும் அன்புதான், ஆனால் தீங்கு செய்யும் அன்பு. மெதுவாக, இடையில் நின்று நின்று அவரே எடுத்து வரட்டும்.

எல்லாச் சான்றுகளும் என் பக்கம் இருப்பதாகச் சொல்ல மாட்டேன். சுவாச நோய் செவிலியர்கள் அளித்த மனநலப் பயிற்சியால் மூன்று மாதத்தில் பதற்றம் குறைந்ததை நியூகாசிலில் 2018-ல் வெளியான ஆய்வு காட்டியது. ஆனால் அதன் பின்னர் இங்கிலாந்தில் 423 நோயாளிகளிடம் நடந்த 'டான்டெம்' ஆய்வில், இதே போன்ற உரையாடல் சிகிச்சை பதற்றத்தையோ மனச்சோர்வையோ குறைக்கவில்லை. மிர்ட்டாஸபின் என்ற மனச்சோர்வு மருந்தால் மூச்சுத்திணறல் குறையவில்லை என்று ஏழு நாடுகளில் நடந்த ஆய்வு 2024-ல் தெரிவித்தது. மனச்சோர்வு நோயாகவே முற்றியவருக்கு மனநல மருத்துவரும் மருந்தும் தேவை, அது வேறு. இவற்றிலிருந்து நான் எடுத்துக்கொள்வது, இந்தப் பயத்தைப் பேச்சாலோ மாத்திரையாலோ மட்டும் கரைத்துவிட முடியாது என்பதே. மூச்சு வாங்கியபடியே நடந்து, எதுவும் ஆகவில்லை என்று உடல் அனுபவத்தில் அறிய வேண்டும். நுரையீரல் மறுவாழ்வுப் பயிற்சி செய்வது அதைத்தான். 65 ஆய்வுகளில் பங்கேற்ற 3,822 பேரின் தரவுகளைத் தொகுத்த 2015-ம் ஆண்டின் காக்ரேன் அறிக்கை, மூச்சுத்திணறல், களைப்பு, மனநிலை, 'நோய் என் பிடியில் இருக்கிறது' என்ற உணர்வு ஆகியவை இப்பயிற்சியால் தெளிவாக மேம்படுவதைக் கண்டது. வழக்கமான சிகிச்சையோடு ஒப்பிட்டு இதை மீண்டும் சோதிக்கத் தேவையில்லை என்று சொல்லும் அளவுக்கு அந்தச் சான்று வலுவானது.

நாளொன்றுக்கு நூறு பேரைப் பார்க்கும் அரசு மருத்துவரால் இதெல்லாம் எப்படி முடியும் என்று கேட்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால் இது மருத்துவர் மட்டும் சுமக்க வேண்டிய வேலை அல்ல, பெரிய கருவிகளும் தேவையில்லை. ஆஸ்திரேலியாவில் ஒரே ஒரு முறை வீட்டுக்குச் சென்று, பிறகு வாரம் ஒரு முறை தொலைபேசியில் மட்டும் வழிகாட்டி நடத்தப்பட்ட பயிற்சி, மருத்துவமனையில் நடந்த பயிற்சிக்கு இணையான பலனைத் தந்தது. 2021 ஆகஸ்டில் தமிழகத்தில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இயன்முறை சிகிச்சையாளர்கள் ஏற்கெனவே வீடுகளுக்குச் செல்கிறார்கள். சர்க்கரைக்கும் ரத்தக் கொதிப்புக்கும் மாத்திரை கொண்டுபோகும் அதே பாதையில் மூச்சுப் பயிற்சியையும் கொண்டுபோக முடியும். புதிதாக நோய் உறுதியான ஒவ்வொருவரையும் ஒரு மாதத்துக்குள் இயன்முறை சிகிச்சையாளர் ஒரு முறை நேரில் பார்த்து, எட்டு வாரம் தொலைபேசியில் தொடர வேண்டும். கடந்த இரு வாரங்களில் மனம் தளர்ந்திருந்ததா, எதிலும் நாட்டமில்லாமல் போனதா என்ற இரு கேள்விகளை மறுவருகையின்போது செவிலியர் கேட்டுக் குறித்துவைக்க வேண்டும். 'ஆம்' என்பவரை மாவட்ட மனநலக் குழுவிடம் அனுப்புவதோடு, 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண்ணையும் அவரது மருந்துச் சீட்டிலேயே எழுதிக் கொடுக்கலாம். இன்ஹேலரை எப்படி உறிஞ்சுவது என்று காட்டும் அந்தச் சில நிமிடங்களிலேயே, உதட்டைக் குவித்து மூச்சு விடுவதையும் ஒரு முறை செய்துகாட்டி, நோயாளியைத் திருப்பிச் செய்யச் சொல்வதை இன்றே தொடங்கலாம். அதற்கு எந்த அரசாணையும் தேவையில்லை.