இல்லமே கல்விக்கூடம்

கொரோனாத் தொற்றால் 2020 மார்ச்சுத் திங்கள் 25-ஆம் நாள் நாடெங்கும் ஊரடங்கு தொடங்கிற்று. பள்ளிகள் மூடிக் கிடந்தன. விழுப்புரத்தை அடுத்த முண்டியம்பாக்கத்து அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மருத்துவரும் செவிலியரும் நோயோடு போராடினர். இல்லத்துள் அடங்கியிருந்த மாணவரும் அப்போரில் பங்குகொண்டவரே. நோய் பரவும் வழியை அடைத்தவர் அவரன்றோ!

அடங்கியிருத்தல் வேறு, சோம்பியிருத்தல் வேறு. 1665-இல் இங்கிலாந்தில் கொள்ளைநோய் பரவியபோது கேம்பிரிட்சுப் பல்கலைக்கழகம் மூடப்பட்டது. இளைஞர் நியூட்டன் தம் சிற்றூர் இல்லத்திற்குத் திரும்பி, ஒளியின் இயல்பையும் புவியீர்ப்பையும் ஆராயலானார்.

எனினும், ‘நீயும் நியூட்டனாகுக’ என்று கூறுவதனால் மட்டும் ஊக்கம் பிறவாது. அந்நாளில் கல்வித் தொலைக்காட்சியிலும் கைப்பேசியிலும் பாடங்கள் நடந்தன. அவ்விரண்டும் இல்லாத குடிசைச் சிறுவன் யாது செய்வான்? அவனது சோர்வு அவன் குற்றமன்று. அவன் வாயிலுக்கே கல்வி செல்லுதல் வேண்டும். 2021 அக்டோபர் 27-ஆம் நாள் விழுப்புரம் மாவட்டத்து முதலியார்குப்பத்தில் தொடங்கப்பெற்ற ‘இல்லம் தேடிக் கல்வி’த் திட்டம் இவ்வுண்மையை உணர்ந்து எழுந்ததாகும். தன்னார்வலர் மாலை வேளைகளில் சிறுவர்க்குக் கற்பித்தனர்.

அறிவுரையினும் உதவும் கையே இளையோரைத் தேற்றும். அத்தகைய காலம் மீண்டும் வரினும், மூத்த மாணவர் இடைவெளி விட்டுத் திண்ணையில் அமர்ந்து, அண்டை வீட்டுச் சிறுவனுக்கு நாளும் ஒரு பாடம் சொல்லிக்கொடுப்பாராக. சிறுவனின் சோர்வு நீங்கும். கற்பித்தவரின் கல்வியும் தழைக்கும்.