செல்லுக்குள்ள தேங்கி நிக்குதாம் நார்அட்ரினலின்!

எங்க திருவண்ணாமலை கிரிவலப் பாதையில பௌர்ணமிக்குப் பௌர்ணமி நோட்டீஸ் கொடுக்கிறவங்க பெருகிக்கிட்டே போறாங்க. வீட்டுமனை, ஜோசியம், முழங்கால் தைலம் எல்லாம் பழகிப்போச்சு. இப்போ புதுசா ஒண்ணு. டென்ஷன் ஹார்மோனான நார்அட்ரினலின் நம்ம செல்லுக்குள்ள வருஷக்கணக்கா தேங்கி நிக்குதாம். இவங்க பொடியை ஒரு மண்டலம் சாப்பிட்டா மொத்தமா வெளியேறிடுமாம். கடைசி வரியில, "பி.பி. மாத்திரைக்கு விடை கொடுங்கள்!"

விஞ்ஞானப் பேரு ஒண்ணைப் போட்டுட்டா எவனும் கேள்வி கேக்கமாட்டான்னு ஒரு நம்பிக்கை. கேட்டுடுவோம் மக்களே.

முதல் விஷயம், நார்அட்ரினலின் கழிவு இல்லை. 14 கிலோமீட்டர் நடக்கிறவனுக்கு இதயம் வேகமா அடிக்கணும், ரத்தக்குழாய் தேவையான இடத்துல இறுகணும். அதுக்காகவே நடக்க நடக்க இது ரத்தத்துல ஏறும். இது இல்லைன்னா உட்கார்ந்து எழுந்தாலே தலைசுத்தி விழவேண்டியதுதான்.

ரெண்டாவது, தேங்குற கதை. ரத்தத்துல கலந்த நார்அட்ரினலின் பாதியாகக் குறைய ரெண்டு மூணு நிமிஷம் போதும். குபேர லிங்கத்துக்கிட்ட உட்கார்ந்து ஒரு டீ குடிச்சு முடிக்கறதுக்குள்ள ஏறினதுல பெரும்பகுதி இறங்கியிருக்கும்.

யார் எடுத்தா? நரம்பு நுனி தான் விட்டதுல பெரும்பங்கைத் தானே திரும்ப உறிஞ்சிக்கும். இதைக் கண்டுபிடிச்ச ஜூலியஸ் ஆக்ஸல்ராட் 1970-ல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். மிச்சத்தை எடுக்கறது நரம்பு மண்டலத்தைச் சேராத செல்கள்: இதயத் தசை, ரத்தக்குழாய்ச் சுவர், கல்லீரல், சிறுநீரகம். நுரையீரலை ஒருமுறை கடந்து போறதுக்குள்ளயே ஏறக்குறைய கால் பங்கு காலி. 1965-ல் லெஸ்லி ஐவர்சன் எலியின் இதயத்தில் இந்த வழியைப் பார்த்து 'அப்டேக் 2'ன்னு பேர் வெச்சார். 1998-ல் ஹைடல்பர்க் ஆய்வாளர்கள், மனிதச் சிறுநீரகப் புற்றுநோய் செல்லிலிருந்து இந்த வாசலுக்கான மரபணுவையே பிரிச்சு எடுத்துட்டாங்க.

இப்ப கவனிங்க. நரம்புக்குக் கிடங்கு உண்டு. உறிஞ்சினதைச் சேர்த்துவெச்சு மறுபடி பயன்படுத்தும். மேலே சொன்ன மத்த செல்களுக்கு அந்தக் கிடங்கே கிடையாது. உள்ளே வந்ததை காம்ட், மாவோன்னு ரெண்டு நொதிகள் உடனே உடைக்க ஆரம்பிச்சிடும். உடைஞ்சது பெரும்பாலும் கல்லீரல்ல வி.எம்.ஏ. ஆகி சிறுநீர்ல போயிடும். காசில்லாம, பொடியில்லாம, தினமும் நடக்கிற வேலை. கிடங்கே இல்லாத இடத்துல வருஷக்கணக்கா சரக்கு தேங்குதுன்னா என்னய்யா அர்த்தம்?

சரி, உடம்பு சமாளிக்க முடியாத அளவுக்குக் கொட்டினா? அதுவும் நடக்கும். செந்தேள் கொட்டினா விஷம் நரம்புகளோட சோடியம் வாசலை மூடவிடாது. நார்அட்ரினலின் புயலா பாயும். நுரையீரல்ல நீர் கோத்து ஆள் செத்தே போகலாம். மகாராஷ்டிராவின் மஹாட் ஊர்ல டாக்டர் ஹிம்மத்ராவ் பாவஸ்கர் 1980-களில் இதுக்கு பிரஸோசின் மாத்திரை கொடுத்தார். சாவு வெகுவாகக் குறைஞ்சது. அவர் எதையும் கழுவி வெளியேத்தலை. நார்அட்ரினலின் போய் ஒட்டுற இடத்தை மறிச்சார், அவ்வளவுதான். புரிஞ்சுக்கிட்டுச் செய்யற வைத்தியம்னா அது.

எனக்குக் கோபம் பொடி மேல இல்லை, அந்தக் கடைசி வரி மேல. ரத்த அழுத்த மாத்திரையை நம்பி உயிரோட இருக்கிறவங்க இதைப் படிச்சு நிறுத்தினா பக்கவாதம் வந்து நிக்கும். நோட்டீஸ் கொடுத்தவன் அப்போ எங்கே இருப்பான்? இன்னொண்ணு. பி.பி.யோட திடீர் தலைவலி, வியர்வை, படபடப்புன்னு விட்டுவிட்டு வந்தா அட்ரினல் கட்டியா இருக்கலாம். அபூர்வம்தான், ஆனா உண்டு. அதைப் பிடிக்கறதே நார்அட்ரினலின் உடைஞ்ச துண்டுகளை, அதாவது மெட்டநெஃப்ரின்களை, ரத்தத்துலயோ 24 மணி நேரச் சிறுநீர்லயோ அளந்துதான். 'எல்லாம் டென்ஷன்'னு பொடியைத் தின்னுட்டிருந்தா யார் அளப்பா?

கிரிவலம் போறவங்க தாராளமா போங்க, நடக்கிறது நல்லது. மாத்திரையை மட்டும் டாக்டரைக் கேக்காம நிறுத்தாதீங்க. பொடிக்கு வக்காலத்து வாங்கறவங்க பின்னூட்டத்துக்கு வாங்க. 'எந்த செல்லுல, எப்படித் தேங்குது?'ங்கற ஒரே கேள்விக்கு மட்டும் பதிலோட வாங்க :-)