ஈஸ்ட்டும் மனிதனும்

மனிதன் இயற்கையிலேயே சுயநலக்காரன், ஆதலால் கூட்டு வாழ்வென்பது நடவாத காரியம் என்பதாகச் சிலர் சொல்லுகிறார்கள். இயற்கையைச் சாட்சிக்கு அழைப்பவர்கள் அந்தச் சாட்சியை முழுவதும் விசாரிக்க வேண்டாமா என்று கேட்கிறோம்.

ரொட்டி மாவைப் பொங்கச் செய்யும் ஈஸ்ட் என்னும் நுண்ணுயிர், இன்வர்டேஸ் என்ற ரசாயனப் பொருளை உண்டாக்கி, சர்க்கரையைத் தன் உடலுக்கு வெளியிலேயே குளுக்கோஸாகவும் பிரக்டோஸாகவும் பிளக்கிறது. அதில் 100க்கு 99 பங்கு பக்கத்திலுள்ளவைகளுக்குப் போய்விடுகிறது. பாடுபட்டதற்கு மிஞ்சுவது ஏறக்குறைய 1 பங்கே.

இன்வர்டேஸ் செய்யாத ஈஸ்ட்டையும் இதனுடன் கலந்து வளர்த்து, கணக்கிட்டுப் பார்த்து, விஞ்ஞானிகள் 2009-ல் முடிவை வெளியிட்டார்கள். சோம்பேறிகள் பெருகின, ஆனால் உழைப்பவைகளை அடியோடு ஒழிக்க முடியவில்லை. காரணம் அந்த 1 பங்குதான். சோம்பேறிகள் மிகுந்துவிட்டாலோ, கூட்டம் முழுவதுமே வளர்ச்சி குன்றுகிறது.

ஆகவே கூட்டுறவைக் காப்பாற்றியது உழைத்ததற்குக் கிடைத்த பங்கேயொழிய வேறல்ல. ஈஸ்ட்டுக்கு யாரும் உபதேசம் செய்யவில்லை. அதற்காக, "1 பங்கு போதும்" என்று மனிதன் கூலிக்கும் அதையே விதியாக்கப் புறப்படுவது அயோக்கியத்தனமாகும். பங்கைத் திருத்திக்கொள்ள ஈஸ்ட்டுக்கு அறிவில்லை, மனிதனுக்கு இருக்கிறது. இருந்தும் திருத்தாவிட்டால் குற்றம் இயற்கையினுடையதா, நம்முடையதா?