எதிர்பாராதது வேறு, அவசரம் வேறு

ஆறாம் ஆண்டு மாணவன் ஒருவன் தன் கட்டுரை ஏட்டில், "எதிர்பாராத விதமாகத் தீபாவளிச் செலவு வந்துவிட்டதால் அப்பா கடன் வாங்கினார்" என்று எழுதியிருந்தான். ஏட்டைத் திருத்திய நாம் முதலில் நகைத்தோம். பின்னர் பேனாவை மூடி வைத்துவிட்டுச் சற்று நேரம் அமர்ந்திருந்தோம். தீபாவளி ஆண்டு தவறாமல் வருகிறது. நாள்காட்டியில் சிவப்பு எண்ணாகவே நிற்கிறது. அதனை எதிர்பாராதது என எழுத அச்சிறுவனுக்குக் கற்றுக்கொடுத்தது பாடநூல் அன்று, வீட்டுப் பேச்சே.

எதிர்பாராதது என்பது வரலாம், வராமலும் போகலாம். அதற்கு நாள் குறித்துவைக்க இயலாது. அவசரம் என்பதோ வாசலில் வந்து நின்று கதவைத் தட்டுவது. முன்னதற்காக நாம் செய்யக்கூடியது சிறிது சிறிதாக ஒதுக்கி வைத்தல். பின்னதற்கு உடனே எழுந்தாக வேண்டும். நள்ளிரவில் குழந்தைக்குக் காய்ச்சல் ஏறினால் அஃது இரண்டுமாகும். பள்ளி திறப்பதற்கு முதல்நாள் பிள்ளைக்குக் காலணி இல்லை என்பது அவசரந்தான். ஆயினும் எதிர்பாராதது அன்று. தூரத்து உறவினர் திடீரெனத் திருமண அழைப்புடன் வருவது எதிர்பாராதது. அதற்காகத் தாலிக்கொடியை அடகுக் கடைக்கு அனுப்பும் அவசரம் யாதுமில்லை.

'அவசரம்' வடமொழியிலிருந்து வந்த சொல். அம்மொழியில் அதற்குத் தக்க சமயம், வாய்ப்பு என்பனவே பொருள். நம் வாயில் அது பதற்றமாக மாறிவிட்டது. தேசிய மொழியில் மருத்துவமனை வாயிலில் எழுதப்பட்டிருக்கும் 'கெசெமாசான்' என்ற சொல்லும் பதற்றத்தைக் குறிக்கும் 'செமாஸ்' என்னும் அடியிலிருந்து பிறந்ததே. எதிர்பாராததற்கோ அங்கே 'லுவார் ஜங்கா' என்று தனிச்சொல் உண்டு. கணிப்புக்கு வெளியே நிற்பது என்பது அதன் பொருள்.

நம் நாட்டு அரசியலமைப்புச் சட்டம் இவ்விரு சொற்களையும் எவ்வளவு கருத்தோடு கையாள்கிறது என்பதைப் பெற்றோர் அறிதல் நன்று. அதன் 103ஆம் பிரிவு, எதிர்பாராச் செலவுகளுக்கென ஒரு நிதி அமைக்க இடமளிக்கிறது. செலவு அவசரமானதாக இருந்தால் மட்டும் போதாது. எதிர்பாராததாகவும் இருத்தல் வேண்டும். வேறு ஒதுக்கீடும் இருத்தலாகாது. அவ்வாறாயின்தான் நிதியமைச்சர் அதில் கைவைக்கலாம். எடுத்த தொகையைப் பின்னர் நாடாளுமன்றத்தின் ஒப்புதலுடன் ஈடுசெய்தாக வேண்டும். நாட்டின் பெட்டிக்கு இத்தனை பூட்டு! நம் வீட்டு உண்டியலுக்கோ ஒரு பூட்டும் இல்லை.

2020 மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கியபோது ஊழியர் சேமநிதியிலிருந்து மாதம் 500 வெள்ளி வரை எடுக்க அனுமதி தரப்பட்டது. அன்று எடுத்தவர்களை நாம் குறை கூறோம். அந்நோய் எதிர்பாராதது, அடுப்போ அன்றே எரிந்தாக வேண்டும். ஆனால் 2024 மே மாதம் முதல், 55 வயதுக்கு உட்பட்டோரின் சந்தாவில் நூற்றுக்குப் பத்துப் பங்கு, நினைத்தபோது எடுக்கத்தக்க கணக்கில் சேர்கிறது. நினைத்தபோதெல்லாம் அவசரம் என்று பெயர் சூட்டினால், உண்மையான நோய் வரும் நாளில் அங்கே என்ன மிஞ்சும்? மழையைக்கூட நாம் எதிர்பாராதது என்கிறோம். பட்டை நனைந்தால் பால்மரம் சீவ இயலாது, வருமானம் குறையும் என்பதைத் தோட்டத்தில் பிறந்த குழந்தையும் அறியும். எந்த நாளில் பெய்யும் என்பதுதான் தெரியாதே தவிர, பெய்யும் என்பது தெரியும்.

இதனினும் நம்மை வருத்துவது விடுப்புக் கடிதங்களே. "அவசர வேலையின் காரணமாக என் மகள் பள்ளிக்கு வர இயலவில்லை" என்னும் ஒரே வாசகம் ஓராண்டில் ஒரு மாணவிக்கு ஒன்பது முறை வந்தது. ஒன்பதாவது கடிதத்தைக் கையில் எடுத்துக்கொண்டு நாம் லயத்திற்கே சென்றோம். தந்தையார் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "ஐயா, அவசரம் ஒண்ணும் இல்லீங்க. நாங்க ரெண்டு பேரும் வேலைக்குப் போயிட்டா சின்னவனைப் பார்த்துக்க ஆள் இல்லை" என்றார்.

காரணத்திற்கு உரிய சொல் கிடைத்ததும் வழியும் பிறந்தது. அடுத்த வீட்டுப் பாட்டியம்மாள் சின்னவனைத் தம்மிடம் விடச் சொன்னார். அம்மாணவி மறுநாள் காலை வகுப்பில் இருந்தாள். விட்டுப்போன பின்னக் கணக்குகளைத் தோழியின் ஏட்டைப் பார்த்து எழுதிக்கொண்டிருந்தாள்.