மாற்றுவதற்கு முன் அளந்து பாருங்கள்



இம்முறை பாடநூலைச் சற்று ஓரமாக வைத்துவிட்டு, என் பழைய மகிழுந்தைப் பற்றி எழுதுகிறேன். எழுதி முடிக்கும்போது வகுப்பறைக்குத்தான் வந்து சேர்வேன். அதுவரை பொறுத்தருள்க.

என்னிடம் இருப்பது 1995-ஆம் ஆண்டில் தயாரான ஒரு டர்போ மகிழுந்து. வீணாக வெளியேறும் புகையின் விசையால் ஒரு சிறு சுழலியைச் சுழற்றி, இயந்திரத்துக்குள் கூடுதல் காற்றை அழுத்தி அனுப்புவதே டர்போவின் வேலை. சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரட் பூக்கி 1905-இலேயே இதற்குக் காப்புரிமை பெற்றார். காற்று கூடினால் அதற்கேற்ப எரிபொருளும் கூட வேண்டும். ஒரு பங்கு பெட்ரோல் முழுமையாக எரிய எடையளவில் ஏறத்தாழ 14.7 பங்கு காற்று தேவை. இந்த விகிதம் குலைந்தால் வண்டி திணறும்.

சென்ற ஆண்டிறுதிப் பள்ளி விடுமுறையில் குடும்பத்தோடு பெந்தோங் நோக்கிச் சென்றேன். காராக் நெடுஞ்சாலையின் ஏற்றத்தில் வண்டி திணறத் தொடங்கியது. மிதியை அழுத்த அழுத்தக் கரும்புகை வந்ததேயொழிய வேகம் வரவில்லை. வழக்கமாக 0.5 பாரைத் தொடும் டர்போ அழுத்தமானியின் முள் 0.3-ஐத் தாண்டவில்லை. சமிக்ஞை விளக்கில் நின்றாலோ, குளிர்காய்ச்சல் கண்டவரைப் போல இயந்திரம் நடுங்கியது.

முதலில் ஒரு பட்டறைக்குச் சென்றேன். 1996-இல் அமெரிக்காவில் கட்டாயமாக்கப்பட்ட ஓபிடி-2 முறைக்கு முந்திய வண்டி இது. ஒரு சிறு விளக்கு எத்தனை முறை மின்னுகிறது என்று எண்ணித்தான் பிழைக் குறியீட்டை அறிய வேண்டும். “கலவையில் எரிபொருள் குறைவு” என்றது குறியீடு. உடனே ஆக்சிஜன் உணரியை மாற்றினார்கள். பயனில்லை. அடுத்து, உள்ளே செல்லும் காற்றை அளக்கும் கருவியை மாற்றினார்கள். அதனாலும் பயனில்லை. 1,400 ரிங்கிட் கரைந்தது. பிறகு, “டர்போ போயிருக்கும், மாற்ற 3,000 ரிங்கிட் ஆகும். இல்லையென்றால் இப்போதைக்கு அழுத்தத்தை ஏற்றி விடலாம்” என்றார்கள். ஓர் ஆசிரியரின் சம்பளத்தில் 3,000 ரிங்கிட் என்பது எளிதன்று. யோசித்துச் சொல்வதாகக் கூறிவிட்டு வந்தேன்.

நண்பர் ஒருவர் வேறொரு பட்டறையைக் காட்டினார். அறுபது வயதைக் கடந்த பெரியவர் ஒருவர் அதை நடத்துகிறார். நடந்ததையெல்லாம் சொன்னேன். அவர் சொன்னார்: “சார், அந்த லைட்டு பொய் சொல்லாது. ஆனா எங்க வலிக்குதுன்னுதான் சொல்லும். ஏன் வலிக்குதுன்னு நாமதான் தேடணும்.”

அவர் எந்தப் பாகத்தையும் மாற்றவில்லை. முதலில் டர்போவின் தண்டைக் கையால் அசைத்துப் பார்த்தார். தளர்ச்சி இல்லை. அடுத்து எரிபொருள் அழுத்தத்தை அளந்தார். ஒழுங்குக் கருவியின் வெற்றிடக் குழாயைக் கழற்றிப் பார்த்தபோது 3 பார் இருந்தது. குழாயை மீண்டும் மாட்டி, வண்டியை ஓட்டியும் பார்த்தார். டர்போ அழுத்தம் ஏறிய அளவுக்கு எரிபொருள் அழுத்தமும் ஏறியது. ஆகவே பம்பு நன்றாகவே இருந்தது. இந்தச் சோதனையை ஏன் முதலில் செய்தார் தெரியுமா? பம்பு உண்மையிலேயே பலவீனமாக இருந்து, நாம் காற்றழுத்தத்தை மட்டும் ஏற்றியிருந்தால், எரிபொருள் போதாமல் வெப்பம் மிகுந்து பிஸ்டனே உருகிப் போகக்கூடும்.

இறுதியாக இயந்திரத்தை நிறுத்தி, காற்று உட்செல்லும் வாயை ஒரு மூடியால் அடைத்தார். அதில் பொருத்திய டயர் வால்வு வழியாக அரை பார் அளவுக்குக் காற்றை ஏற்றி, குழாய்களின் மீது சவர்க்கார நீரைத் தெளித்தார். இயந்திரத்தின் உட்குழலுக்கு அடியில், கண்ணுக்குத் தெரியாத இடத்தில், விரல் பருமனுள்ள ஒரு ரப்பர் குழாயிலிருந்து நுரை பொங்கியது. வயதாகி வெடித்த குழாய். விலை 38 ரிங்கிட்.

இதில் என்னை வியக்க வைத்த செய்தி ஒன்று உண்டு. அந்த ஒரே வெடிப்பு இரண்டு எதிரெதிர் நோய்களைக் காட்டியிருக்கிறது. வண்டி நிற்கும்போது உட்குழலில் வெற்றிடம் இருக்கும். வெடிப்பு வழியே அளக்கப்படாத காற்று உள்ளே நுழையும். எரிபொருள் குறைவாகத் தெரியும். ஏற்றத்தில் டர்போ அழுத்தும்போதோ, அளந்து அனுப்பிய காற்று அதே வெடிப்பு வழியே வெளியேறும். எரிபொருள் மிகுந்து கரும்புகை வரும். அறிகுறிகளை ஒவ்வொன்றாகத் துரத்தியவருக்கு இரண்டு நோய்கள். மூலத்தைத் தேடியவருக்கு ஒரே நோய்.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. என் நான்காம் ஆண்டு மாணவி ஒருத்தி நினைவுக்கு வந்தாள். கூட்டல், பெருக்கல் எல்லாம் விரைவாகச் செய்வாள். பிரச்சனைக் கணக்கு வந்தால் தாளை வெறுமையாக விட்டுவிடுவாள். “கணிதத்தில் கூடுதல் கவனம் தேவை” என்று அவளுடைய அறிக்கையில் மூன்று முறை எழுதியவன் நான். கூடுதல் பயிற்சி நூல் கொடுத்தேன். அவளுடைய தாயார் தொழிற்சாலையில் மிகுதிநேர வேலை செய்து டியூஷனுக்கு அனுப்பினார். முதல் பட்டறைக்காரரைக் குறை சொல்ல எனக்கு என்ன தகுதி இருக்கிறது?

பள்ளி திறந்ததும் அவளை அருகில் அழைத்து, கணக்கை நானே வாய்விட்டு வாசித்தேன். “ஒரு பெட்டியில் 24 மாம்பழங்கள். அதுபோல் 6 பெட்டிகள். அவற்றில் 15 பழங்கள் அழுகிவிட்டன. மீதம் எத்தனை?” சற்று நேரத்தில் “129 சார்” என்றாள். பிறகு இன்னொரு கணக்கை அவளையே வாசிக்கச் சொன்னேன். எழுத்தெழுத்தாகக் கூட்டி வாசித்தாள். கடைசிச் சொல்லுக்கு வரும்போது முதல் வரி மறந்துபோயிருந்தது. தமிழ்மொழிப் பாடத்திலோ அவள் சரளமாக வாசிப்பவள் என்று பெயர். காரணம், பாடநூல் பத்திகளைக் கேட்டுக்கேட்டு மனனம் செய்திருந்தாள். கணிதத்தில் மந்தம், தமிழில் சரளம். இரண்டும் ஒரே வெடிப்பிலிருந்து வந்தவை.

ஆஸ்திரேலியக் கல்வியாளர் ஆன் நியூமன் 1977-இல் முன்வைத்த பிழைப் பகுப்பாய்வு முறையை ஆசிரியர் பயிற்சிக் கழகத்தில் படித்தவன்தான் நான். வாசித்தல், புரிந்துகொள்ளல், கணித வாக்கியமாக மாற்றுதல், செய்தல், விடையை எழுதுதல் என்று வரிசையாகக் கேட்டுப் பார்த்து, எந்தப் படியில் மாணவர் சறுக்குகிறார் என்று காண வேண்டும். தேர்வில் அதற்கு விடை எழுதினேன். வகுப்பில் அதைச் செய்யவில்லை.

யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021-இல் நீக்கப்பட்டது. வகுப்புசார் மதிப்பீட்டில் நாம் பதியும் 1 முதல் 6 வரையிலான அடைவு நிலையும் அந்தச் சிறு விளக்கைப் போன்றதே. அது பொய் சொல்வதில்லை. ஆனால் அங்கேயே நம் வேலை முடிந்துவிடுவதும் இல்லை. காரணம் அறியாமல் டியூஷனைக் கூட்டுவது, கசியும் குழாயை விட்டுவிட்டு அழுத்தத்தை ஏற்றுவதற்கு ஒப்பானது. சில குழந்தைகளின் நெஞ்சமே உருகிவிடும்.

பெற்றோர்களே, பிள்ளையை மாற்றுப் பயிற்சிக்கு அனுப்புமுன் ஆசிரியரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: “எந்தப் படியில் என் பிள்ளை சறுக்குகிறது?” ஆசிரிய நண்பர்களே, அந்தக் கேள்விக்கு நம்மிடம் விடை இருக்க வேண்டும். நாற்பது பேர் கொண்ட வகுப்பில் நேரமில்லை என்பீர்கள். எனக்குத் தேவைப்பட்டது ஐந்து நிமிடம். தவறிப்போனது ஓர் ஆண்டு.

அம்மாணவி இப்போது நாள்தோறும் இருபது நிமிடம் என்னோடு புதிய பத்திகளை வாசிக்கிறாள். இன்னும் தடுமாறுகிறாள். ஆயினும் கணக்குத்தாளை வெறுமையாகக் கொடுப்பதில்லை. அவளுடைய தாயாரிடம் நடந்ததைச் சொல்லி மன்னிப்பும் கேட்டுக்கொண்டேன்.